சென்ட், ரிட்டர்ன்: ஆம்பின் முதுகில் இரண்டு துளைகள்

கிட்டார் ஆம்பைப் பார்ப்பவர்கள் முன்பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். குமிழ், விளக்கு, கம்பெனிப் பெயர் எல்லாம் அங்கே இருக்கின்றன. பின்பக்கம் திருப்பினால் பவர் கேபிள், ஃபியூஸ், ஸ்பீக்கர் ஜாக் இவற்றுக்கு நடுவே ‘சென்ட்’, ‘ரிட்டர்ன்’ என்று எழுதிய இரண்டு கால் இன்ச் துளைகள் தெரியும். எஃபெக்ட்ஸ் லூப் என்பது இதுதான். வருடக்கணக்கில் அவற்றில் எதையுமே செருகாமல் வாசிப்பவர்கள் உண்டு. செருகிப் பார்த்துவிட்டு, சத்தம் குறைகிறது, உம்மென்று இரைகிறது என்று பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு.

கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில், தரையில் பெடல்களை வரிசையாக வைத்து வாசிப்பது எல்லாருக்கும் தெரிந்த வழி. அது போதாதென்று ஆம்பின் நடுவயிற்றில் இன்னொரு வாசல் வைக்கவேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? டிஸ்டார்ஷனிலிருந்து. ஆம்புக்குள் டிஸ்டார்ஷன் எந்த இடத்தில் உண்டாகிறதோ, அதைப் பொறுத்துத்தான் லூப்பால் பயன் உண்டா இல்லையா என்பது முடிவாகிறது. பல சேனல் ஆம்பில் இந்தக் கேள்விக்குச் சேனலுக்கு ஒரு விடை. குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

பிக்கப் என்பது காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்த சின்ன ஜெனரேட்டர். தந்தி அதிரும்போது அதில் எழும் மின்னழுத்தம் ஏறக்குறைய பத்தில் ஒரு வோல்ட். வலுவான பிக்கப்பாக இருந்து, ஓங்கியும் அடித்தால் ஒரு வோல்ட்டைத் தொடும். இது ஆம்பின் முதல் பகுதியான பிரீஆம்புக்குள் போகிறது. வால்வு ஆம்பாக இருந்தால் அங்கே பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7 வால்வு உட்கார்ந்திருக்கும். ஐரோப்பாவில் அதற்கே இசிசி83 என்று பெயர். ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு டிரையோடுகள். ஒவ்வொன்றும் உள்ளே வருவதைச் சாதாரணமாக 50, 60 மடங்கு பெருக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். அப்படிப்பட்ட மூன்று நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 50 × 50 × 50, அதாவது 1,25,000 மடங்கு. 0.1 வோல்ட் உள்ளே போனால் 12,500 வோல்ட் வெளியே வந்தாக வேண்டும். வால்வுக்கு நாம் ஊட்டுவதோ 300 வோல்ட் சொச்சம். நடுவில் இருக்கும் மின்தடைகளும் வால்யூம் குமிழும் நிறையவே குறைத்துவிடும் என்றாலும், கணக்கு உதைக்கத்தான் செய்கிறது. மேலே போக இடமில்லாமல் அலையின் முகடு தட்டையாகிவிடுகிறது. இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். காதுக்கு அது டிஸ்டார்ஷன்.

தட்டையான அலைக்குள் இருப்பது மூல அதிர்வெண் மட்டுமல்ல. மேலும் கீழும் ஒரே அளவாக வெட்டுப்பட்டால் அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு அதிர்வெண்கள் புதிதாக முளைக்கும். ஒற்றைச் சுரத்துக்கு இது அழகு. கிட்டாருக்கு வயலின்போல நீண்ட குரல் கிடைப்பது இதனால்தான். இரண்டு சுரங்கள் சேர்ந்து போனால் கதை வேறு. அப்போது அவை ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் மூன்றாவது, நான்காவது அதிர்வெண்களை உண்டாக்குகின்றன. 220 ஹெர்ட்ஸ் ஒன்று, 330 ஹெர்ட்ஸ் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் ஸட்ஜமமும் பஞ்சமமும். கழித்தால் 110, கூட்டினால் 550. முதலாவதை இரட்டித்து இரண்டாவதைக் கழித்தால் மறுபடி 110; மாற்றிச் செய்தால் 440. எல்லாமே 110-இன் மடங்குகள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் குடும்பம். எத்தனை டிஸ்டார்ஷன் போட்டாலும், இந்த இரண்டு சுரங்கள் சேர்ந்த ராக் கிட்டாரின் ‘பவர் கார்டு’ கலங்காமல் கம்பீரமாக நிற்பதன் ரகசியம் இதுதான்.

இப்போது பஞ்சமத்தை விட்டுவிட்டு 277 ஹெர்ட்ஸை எடுங்கள், அந்தர காந்தாரத்தின் பக்கம் வரும் சுரம். 220-உம் 277-உம் சேர்ந்து கிளிப் ஆனால் கிடைப்பவை 57, 163, 334, 497. இவற்றை எந்த ஒழுங்கிலும் அடுக்க முடியாது. காதில் விழுவது சேறு.

இதில் டிலே பெடலைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். நீங்கள் 220 ஹெர்ட்ஸ் சுரத்தை வாசிக்கிறீர்கள். 400 மில்லிசெகண்ட் கழித்து அதன் எதிரொலி வருகிறது. அந்த நேரத்தில் உங்கள் விரல் 277-க்குப் போயிருக்கிறது. பெடல் ஆம்புக்கு முன்னால் இருந்தால், பழைய சுரத்தின் எதிரொலியும் புதிய சுரமும் கைகோத்துக்கொண்டு பிரீஆம்புக்குள் நுழைகின்றன. நீங்கள் ஒற்றைச் சுரமாகத்தான் வாசித்தீர்கள், டிஸ்டார்ஷனுக்குத் தெரிவதோ இரட்டைச் சுரம். மேலே சொன்ன 57-உம் 163-உம் வந்து நிற்கின்றன. அதே பெடலை டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் வைத்தால், ஒவ்வொரு சுரமும் தனித்தனியே கிளிப் ஆகி முடித்துவிட்டு, பிறகு அமைதியாகக் கூட்டப்படுகிறது. கூட்டலால் புதிய அதிர்வெண் எதுவும் பிறக்காது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எதிரொலி மூல ஒலியில் பாதி உயரம் என்று வைத்துக்கொள்வோம். பிரீஆம்ப் அதைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கும்போது மூல ஒலி, எதிரொலி இரண்டுமே ஒரே 300 வோல்ட் எல்லையில் போய் முட்டுகின்றன. வெளியே வரும்போது இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பாதி, கால், அரைக்கால் என்று தேய்ந்து மறைய வேண்டிய எதிரொலி தேயவே தேயாது. ரிவெர்பின் கதி இதைவிட மோசம். அதன் வால்பகுதி மெலிந்துகொண்டே போவதுதான் ஓர் அறையின் அளவை நம் காதுக்குச் சொல்கிறது. பென்சிலால் மெல்லிய நிழல் தீட்டிய படத்தைக் கறுப்பைக் கூட்டிவைத்து ஜெராக்ஸ் எடுத்தால் நிழலெல்லாம் ஒரே கரிப்பூச்சாக வருமே, அதேதான். ஜெராக்ஸ் எடுத்து முடித்த தாளின்மேல் பென்சிலால் நிழல் தீட்டினால் நிழல் நிழலாகவே இருக்கும்.

கணிதக்காரர்கள் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். நேரியலான, காலத்தால் மாறாத இரண்டு கருவிகளை எந்த வரிசையில் வைத்தாலும் பலன் ஒன்றே. டிலேக்குப் பின் ஈக்வலைசர் வைப்பதும், ஈக்வலைசருக்குப் பின் டிலே வைப்பதும் ஒன்றுதான். நேரியல் அல்லாத கருவி ஒன்று நடுவில் வந்துவிட்டால் இந்தச் சலுகை போச்சு. பெடல் வரிசை பற்றிய வாக்குவாதங்களில் முக்கால்வாசி, நடுவில் டிஸ்டார்ஷன் இருப்பதால் மட்டுமே நடக்கின்றன.

இவ்வளவு முக்கியமான விஷயம் என்றால் முதல் ஆம்ப்களிலேயே லூப் வைத்திருக்க வேண்டாமா? வைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. லண்டனில் ஜிம் மார்ஷல் 1962-இல், ஃபெண்டர் பாஸ்மேனின் சுற்றை முன்மாதிரியாக வைத்து ஜேடிஎம்45-ஐக் கொண்டுவந்தார். அதன் வழியில் வந்த 100 வாட் சூப்பர் லீட் வரை, டிஸ்டார்ஷனில் பெரும்பங்கு கடைசிக் கட்டத்தில்தான் உண்டானது. பவர் வால்வுகள், அவற்றைத் தள்ளும் ஃபேஸ் இன்வெர்ட்டர், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு. பிரீஆம்ப் ஓரளவுக்குச் சுத்தம். நடுவில் துளை போட்டு டிலேயைச் செருகினாலும் அது டிஸ்டார்ஷனுக்கு முன்னால்தான் இருக்கும். ராக் கிட்டார் கலைஞர் எட்டி வான் ஹேலன் தம் 1978 முதல் ஆல்பத்தில் எம்எக்ஸ்ஆர் ஃபேஸ் 90 என்ற ஃபேஸர், எக்கோபிளெக்ஸ் என்ற எதிரொலிக் கருவி இரண்டையும் மார்ஷலுக்கு முன்னால்தான் போட்டார். முன்னால் போட்ட ஃபேஸர் டிஸ்டார்ஷனுக்குத் தீனியை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. அந்த ஆல்பத்தின் தொண்டைக் குரல் அப்படி வந்தது. பின்னால் போட்டிருந்தால் ஜெட் விமானம் கடந்துபோவது மாதிரிதான் இருந்திருக்கும். லூப் இருந்தால் எல்லாவற்றையும் அதில் திணித்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்த ஆல்பத்தை ஒரு தடவை கேட்பது நல்லது.

ஃபெண்டர் 1961-இல் விற்ற தனி ஸ்பிரிங் ரிவெர்ப் பெட்டியும் ஆம்புக்கு முன்னால் செருகுவதுதான். கலிஃபோர்னியாவின் சர்ஃப் கிட்டார்காரர்கள் ஆம்பைச் சுத்தமாக வைத்து வாசித்ததால் அதில் எந்தச் சிக்கலும் வரவில்லை.

வந்தது எழுபதுகளில். வடக்கு கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் என்பவர் ஃபெண்டர் பிரின்ஸ்டன் என்ற குட்டி ஆம்பைப் பிரித்து, அதற்குள் பெரிய ஆம்பின் சுற்றையும் 12 இன்ச் ஸ்பீக்கரையும் திணித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதை வாசித்துப்பார்த்த கிட்டார் கலைஞர் கார்லோஸ் சந்தானா வியந்து சொன்ன சொல்லிலிருந்துதான் அந்த ஆம்புக்கு ‘பூகி’ என்ற பெயர் வந்தது. ஸ்மித்தின் பெரிய காரியம் அதற்கப்புறம் வந்தது. பிரீஆம்பில் கூடுதலாக ஒரு பெருக்கும் நிலையைச் சேர்த்தார், நிலைகளுக்கு இடையிடையே குமிழ்களை வைத்தார், கடைசியில் ஒரு மாஸ்டர் வால்யூம். இப்போது டிஸ்டார்ஷன் முழுவதும் பிரீஆம்புக்குள்ளேயே உண்டாகிவிடுகிறது. பவர் ஆம்ப் அதைப் பெரிதாக்கிக் கொடுத்தால் போதும். காதைப் பிளக்காத ஒலியளவில் முழு டிஸ்டார்ஷன் கிடைத்தது. எழுபதுகளின் இறுதியில் வந்த அவருடைய மார்க் டூ வரிசையில், சுத்தமான ரிதம் குரலிலிருந்து லீட் குரலுக்குக் காலால் மாறிக்கொள்ளும் சேனல் ஸ்விட்ச் வந்தது. 1980-இன் மார்க் டூ-பியில் எஃபெக்ட்ஸ் லூப் வந்தது.

டிஸ்டார்ஷன் பிரீஆம்புக்குக் குடிபெயர்ந்த பிறகு, சேனலும் லூப்பும் அடுத்தடுத்து வந்தது இயல்பு. இடம் மாறிய டிஸ்டார்ஷனுக்குப் பின்னால், பவர் ஆம்புக்கு முன்னால், நேரியலான ஒரு சந்து கிடைத்தது. அந்தச் சந்தில் போட்ட துளைகள்தான் சென்ட்டும் ரிட்டர்னும்.

துளை போடுவது சுலபமில்லை. பிரீஆம்பின் கடைசியில் ஓடும் மின்னழுத்தம் பத்து, இருபது வோல்ட்டைத் தாண்டக்கூடும். தரையில் இருக்கும் பெடல் எதிர்பார்ப்பதோ கிட்டார் தரும் அளவு, அதாவது ஒரு வோல்ட்டுக்கும் கீழே. எனவே சென்ட்டில் அலையை நன்றாகக் குறைத்து அனுப்ப வேண்டும், ரிட்டர்னில் இன்னொரு நிலையை வைத்து மறுபடி தூக்க வேண்டும். ரொம்பக் குறைத்தால், தூக்கும்போது இரைச்சலும் சேர்ந்து எழும். குறைத்தது போதாவிட்டால் பெடலே கிளிப் ஆகும், லூப் வைத்ததன் நோக்கமே கெட்டுப்போகும். எண்பதுகளில் லூப்பில் மாட்டியவை பெரும்பாலும் ஸ்டுடியோ ரேக் கருவிகள். அவற்றின் அளவுகோல் +4 டிபியூ, அதாவது 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளின் அளவுகோலான −10 டிபிவி 0.316 வோல்ட்தான். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய நான்கு மடங்கு. மைக் சொல்டானோவின் எஸ்எல்ஓ-100, 1987-இல் வந்த இரண்டு சேனல் ஆம்ப்; அதன் லூப் ரேக் கருவிகளுக்கான உயர் அளவில் ஓடியது. அதில் சாதாரண பெடலை மாட்டினால் பெடல் திணறும். உங்கள் ஆம்பின் லூப் பக்கத்தில் அளவை மாற்றும் சின்ன ஸ்விட்ச் இருந்தால், பெடல்களுக்குக் குறைந்த அளவில் வைத்து ஆரம்பியுங்கள்.

மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) விஷயத்தில் இன்னும் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். கிட்டார் கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பைக்கோஃபாரட் மின்தேக்கம் உண்டு. ஆம்பிலிருந்து தரைக்கு ஆறு மீட்டர், திரும்பி வர ஆறு மீட்டர், நடுவில் உள்ள பெடல்கள் அணைந்து ட்ரூ பைபாஸில் இருக்கின்றன என்றால் மொத்தம் 1,200 பைக்கோஃபாரட். சென்ட் ஜாக்கின் வெளியீட்டு மின்மறுப்பு ஒரு லட்சம் ஓம் என்றால், 1,326 ஹெர்ட்ஸிலிருந்தே மேல்பகுதி சரியத் தொடங்கிவிடும். கம்பளியால் மூடிய மாதிரி குரல் வெளிவரும். அதுவே ஆயிரம் ஓம் என்றால் சரிவு தொடங்குவது 1,32,600 ஹெர்ட்ஸில். மனிதக் காது எட்டாத உயரம். சென்ட்டுக்கு முன்னால் கேத்தோடு ஃபாலோயர் என்ற சுற்றையோ ஒரு ஐசியையோ வைப்பது இந்த மின்மறுப்பைக் குறைக்கத்தான். இதற்கு பஃபர் என்று பெயர். அலெக்சாண்டர் டம்பிள் கட்டிய புகழ்பெற்ற ஆம்ப்களின் லூப்பில் பஃபர் கிடையாது. அதற்கென்றே ‘டம்பிளேட்டர்’ என்று வால்வு வைத்த தனிப் பெட்டியை அவர் செய்து கொடுத்தார்.

லூப்பில் இரண்டு ஜாதி. சீரீஸ் லூப்பில் ஒலி முழுவதும் வெளியே போய்த் திரும்பி வருகிறது. பேரலல் லூப்பில் ஒரு பங்கு உள்ளேயே நேராகப் போகும், வெளியே போய்வந்த பங்கு அதனுடன் ஒரு மிக்ஸ் குமிழ் வழியாகக் கலக்கும். மூல ஒலி பெடலின் தரத்தைச் சார்ந்திருக்க வேண்டாமே என்ற நல்ல எண்ணத்தில் பிறந்தது பேரலல். டிஜிட்டல் காலத்தில் அது தொல்லையாகிவிட்டது. டிஜிட்டல் பெடல் ஒலியை எண்களாக மாற்றித் திருப்பித் தர ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். பெடலிலிருந்து வெளிவரும் ஒலியில் மூல ஒலியும் கலந்திருந்தால், 2 மில்லிசெகண்ட் பிந்தி வந்த அந்த மூல ஒலி உள்ளே நேராகப் போனதோடு சேர்கிறது. 250 ஹெர்ட்ஸில் ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போய் இரண்டும் அழிந்துவிடும். 750-இல் மறுபடி, 1,250-இல் மறுபடி. இதைச் சீப்பு வடிகட்டல் என்பார்கள். ஒலி தகரக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். பெடலில் ‘கில் டிரை’ என்ற வசதி இருந்தால் அதைப் போட்டு, மூல ஒலியைப் பெடல் வெளியே விடாமல் தடுக்க வேண்டும். என்னைக் கேட்டால் என் ஓட்டு சீரீஸுக்குத்தான். பேரலல் மட்டுமே உள்ள ஆம்பில் மிக்ஸ் குமிழை நூறு சதவீதத்துக்குத் திருப்பிவிட்டுப் பாதித் தலைவலியைத் தவிர்க்கலாம்.

இனி பல சேனல் விவகாரம். ஒரு சேனல் சுத்தம், ஒன்று லேசான கரகரப்பு, ஒன்று முழு டிஸ்டார்ஷன். பெரும்பாலான ஆம்ப்களில் இவை எல்லாம் ஒரே சென்ட்டில் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு சேனலுக்கும் தனி வால்யூம், பிறகு லூப், பிறகு எல்லாருக்கும் பொதுவான மாஸ்டர் என்பதுதான் நல்ல அமைப்பு. இதில் சேனல் வால்யூமைத் திருப்பினால் லூப்புக்குள் போகும் அளவு மாறும். மாஸ்டரைத் திருப்பினால் லூப்புக்கு ஒன்றும் தெரியாது. எனவே சேனல் வால்யூம்களைச் சேனல்களுக்கு இடையே சமன் செய்ய மட்டும் வைத்துக்கொண்டு, அறைக்கு ஏற்ற சத்தத்தை மாஸ்டரில் வைக்க வேண்டும். பலர் மாஸ்டரை முழுக்கத் திறந்துவிட்டுச் சேனல் வால்யூமை ஒன்றிலோ ஒன்றரையிலோ வைத்து வாசிக்கிறார்கள். அப்போது லூப்புக்குள் போவது ஈனமான ஒலி. டிலே பெடல் இரைகிறதே என்று பெடலைக் குறைசொல்வார்கள்.

சமன் செய்ததும் வேறொரு வேடிக்கை. காதுக்கு இரண்டு சேனலும் ஒரே சத்தம். லீட் சேனலில் டிஜிட்டல் டிலே ஒழுங்காக ஓடுகிறது. சுத்தமான சேனலுக்கு மாறி ஒரு கார்டை ஓங்கி அடித்ததும் பெடலின் சிவப்பு விளக்கு எரிகிறது, ‘படக்’ என்று ஒரு வெடிப்பு. அதிக டிஸ்டார்ஷன் உள்ள சேனல் அல்லவா பெடலைத் திணறடிக்க வேண்டும்? இல்லை. காது அளப்பது அலையின் சராசரியை. கருவி தடுமாறுவது அலையின் உச்சியில். கிளிப் ஆன அலையில் உச்சியும் சராசரியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, உச்சியைத்தான் ஏற்கெனவே வெட்டியாயிற்றே. சுத்தமான குரலில் தந்தியை மீட்டும் கணத்தில் ஒரு கூர்முனை எழுந்து உடனே தணிகிறது. சராசரி சமமாக இருந்தாலும் அந்த முனை மூன்று மடங்கு உயரம் போய்விடும். ஆகவே லூப்பின் அளவைச் சரிபார்க்கும்போது லீட் சேனலை வைத்துப் பார்க்காதீர்கள். சுத்தமான சேனலில், பிக்கால் ஓங்கி அடித்துப் பாருங்கள்.

எதிரொலியின் அளவிலும் இதே சண்டை. லீட் சேனலில் சுரம் நீண்டு நிற்பதால் எதிரொலியை அது மூடிக்கொள்கிறது; காதுக்கு எட்ட வேண்டும் என்று மிக்ஸைக் கூட்டி வைக்கிறோம். சுத்தமான சேனலில் சுரம் சீக்கிரம் அடங்கிவிடும். அந்த இடைவெளியில் அதே எதிரொலி கோயில் மண்டபம்போல முழங்கும். ஒரே பெடல், ஒரே குமிழ், இரண்டு சேனலுக்கும் பொருந்தாது. இதற்குப் பெரிய ஆம்ப்களில் விடை உண்டு. மார்ஷல் 2007-இல் கொண்டுவந்த ஜேவிஎம்410எச் ஆம்பில் நான்கு சேனல்கள், சேனலுக்கு மூன்று நிலைகள், ஆக 12 குரல்கள். கால் ஸ்விட்சின் ஒரு பட்டனில் எந்தச் சேனல், எந்த மாஸ்டர், ரிவெர்ப் உண்டா, லூப் உண்டா என்பதையெல்லாம் சேர்த்தே பதிந்துகொள்ளலாம். மிடி வழியாகச் சேனலும் டிலேயின் அமைப்பும் ஒரே மிதியில் மாறும்படி செய்யலாம். சின்ன ஆம்ப்காரர்களுக்கு இரண்டு அமைப்புகளை நினைவில் வைக்கும் டிலே பெடல் ஒன்று போதும். சேனலை மாற்றும்போது கூடவே இன்னொரு மிதி.

டிலே, ரிவெர்ப் தவிர லூப்பில் போட வேண்டியது பூஸ்ட் அல்லது ஈக்வலைசர். இதைச் செய்து பார்த்தால் ஒரு பக்கப் பாடம் ஒரு நிமிடத்தில் புரியும். பூஸ்ட் பெடலை லீட் சேனலுக்கு முன்னால் வைத்து மிதியுங்கள். சோலோவில் சத்தம் கூடும் என்று எதிர்பார்ப்பீர்கள். கூடாது, கரகரப்பு மட்டும் கூடும். கூரையைத் தொட்ட அலை அதற்குமேல் எங்கே போகும்? அதே பெடலை லூப்பில் வைத்தால் குரல் மாறாமல் சத்தம் மட்டும் எழும். வால்யூம் பெடலும் அப்படியே: முன்னால் வைத்தால் டிஸ்டார்ஷனைக் கூட்டிக் குறைக்கும், லூப்பில் வைத்தால் ஒலியை மட்டும். வா பெடல், ஃபஸ், ஓவர்டிரைவ், கம்பிரசர் நான்கையும் நான் முன்னாலேயே விட்டுவிடுவேன். ஃபஸ் பெடல்களில் பல, பிக்கப்பை நேரடியாகத் தொட்டால்தான் சரியாக நடந்துகொள்ளும்.

இரைச்சலை அடைக்கும் நாய்ஸ் கேட் பெடல் மட்டும் இரண்டு இடத்திலும் கால் வைக்கிறது. லீட் சேனலின் உஸ்ஸென்ற இரைச்சல் பிரீஆம்புக்குள் பிறப்பதால், முன்னால் வைத்த நாய்ஸ் கேட் அதை அடைக்காது. லூப்பில் வைத்தால், எது சுரம் எது இரைச்சல் என்று அதற்குப் பிரித்தறியத் தெரியாது. டிஸ்டார்ஷன் இரண்டின் உயரத்தையும் நெருக்கிவிட்டதே. பாஸ் என்எஸ்-2 போன்ற பெடல்களில் நான்கு ஜாக்குகள் இருப்பது இதனால். கிட்டாரின் சுத்தமான ஒலியை முதல் ஜாக்கில் கேட்டுக்கொண்டு, அது நின்ற கணத்தில் லூப்பில் கதவைச் சாத்துகிறது.

ஒரே மல்ட்டி எஃபெக்ட்ஸ் பெட்டியில் பாதியை முன்னாலும் பாதியை லூப்பிலும் போடும் நான்கு கேபிள் முறையும் இப்படித்தான். கிட்டாரிலிருந்து பெட்டிக்கு ஒன்று, பெட்டியின் சென்ட்டிலிருந்து ஆம்பின் முன் ஜாக்குக்கு ஒன்று, ஆம்பின் சென்ட்டிலிருந்து பெட்டியின் ரிட்டர்னுக்கு ஒன்று, பெட்டியின் வெளியீட்டிலிருந்து ஆம்பின் ரிட்டர்னுக்கு ஒன்று. கேபிள்களின் உறைகள் வழியாகவும் சுவர் பிளக்குகளின் எர்த் வழியாகவும் ஒரு வளையம் உருவாகி, இந்திய மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதில் உம்மென்று பாடத் தொடங்கும். மூன்று பின் பிளக்கின் எர்த்தைக் கழற்றிவிட்டால் சத்தம் நிற்கும் என்று சொல்லித்தர மேடைக்கு மேடை ஓர் ஆள் இருப்பார். சத்தம் நிற்கும்தான், ஏதாவது பழுதானால் வாசிப்பவரின் மூச்சும் நிற்கும். செய்ய வேண்டியது, ரிட்டர்ன் கேபிளில் ஒன்றுக்கு ஒன்று ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைப்பது.

லூப்பையே பயன்படுத்தாதவர்களுக்கும் அந்தத் துளைகளால் ஒரு வம்பு வரும். ரிட்டர்ன் ஜாக்குக்குள் ஒரு சின்னத் தகடு உண்டு. எதுவும் செருகாதபோது அது சென்ட்டைத் தொட்டுக்கொண்டு பாதையை மூடிவைக்கிறது. பிளக் நுழைந்ததும் விலகுகிறது. பல ஆண்டுகள் எதையும் செருகாமல் விட்டால் அந்தத் தகட்டில் ஆக்சைடு படியும். ஆம்ப் திடீரென்று அமுங்கும், ஒரு சுரத்தை ஓங்கி அடித்ததும் விழித்துக்கொள்ளும், மறுபடி அமுங்கும். வால்வு போச்சு என்று நினைத்து வால்வு வாங்கப் போவதற்கு முன்னால், ஒரு குட்டி பேட்ச் கேபிளால் சென்ட்டையும் ரிட்டர்னையும் இணைத்துப் பாருங்கள். குரல் திரும்பிவிட்டால் குற்றவாளி அந்தத் தகடு. சென்னைக்காரர்களுக்கு ரிட்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா, பிளக்கை நாலைந்து முறை உள்ளே வெளியே தள்ளுவது, வேலை முடிந்தது. ஆம்பைத் திறக்கவே தேவையில்லை. திறக்காமல் இருப்பதே நல்லது. அணைத்த பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

பழுதைத் துப்பறியவும் இதே துளைகள் உதவும். வேறொரு பிரீஆம்பை ரிட்டர்னில் செருகிச் சத்தம் வந்தால் பவர் ஆம்ப் நலம். சென்ட்டிலிருந்து இன்னோர் ஆம்புக்குக் கொடுத்துச் சத்தம் வந்தால் பிரீஆம்ப் நலம். சென்ட்டிலிருந்து நேராக ரெக்கார்டிங் செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: வால்வு ஆம்பில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகக்கூடும்.

லூப்பின் எல்லையும் இந்தப் பவர் ஆம்பில்தான் இருக்கிறது. மாஸ்டரை ஏற்றி பவர் வால்வுகள் கிளிப் ஆகத் தொடங்கினால், லூப்பில் உள்ள டிலே மறுபடி டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம். சுத்தமான சேனலில் ஒருவேளை தெரியாது, லீட் சேனலில் தெரியும். ஒத்திகை அறையில் தெளிவாக இருந்த எதிரொலி மேடையில் சேறானால் காரணம் பெரும்பாலும் இதுதான். பவர் ஆம்பின் டிஸ்டார்ஷனும் வேண்டும், தெளிவான டிலேயும் வேண்டும் என்பவர்களுக்கு லாஸ் ஏஞ்சலஸின் பாப் பிராட்ஷா போன்ற ரிக் வடிவமைப்பாளர்கள் செய்துகொடுத்த வழி வேறு. ஆம்பின் ஸ்பீக்கர் வெளியீட்டிலிருந்தே கொஞ்சம் எடுத்து, அளவைக் குறைத்து, எஃபெக்ட்டுக்குள் விட்டு, வேறு பவர் ஆம்ப்கள் வழியாகப் பக்கத்து ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிடுவார்கள். நடுவில் மூல ஒலி, இருபுறமும் எதிரொலி மட்டும்.

லூப் வருவதற்கு முன்னாலேயே குயீன் குழுவின் பிரையன் மே இதே கணக்கை இன்னும் நேராகத் தீர்த்திருந்தார். 1974-இல் வெளிவந்த ‘ப்ரைட்டன் ராக்’ சோலோவை மேடையில் வாசிக்க, எக்கோபிளெக்ஸை மாற்றியமைத்து நீண்ட எதிரொலி கிடைக்கச் செய்தார். கிட்டார் ஒரு வாக்ஸ் ஏசி30-க்குப் போயிற்று, முதல் எதிரொலி இன்னொன்றுக்கு, இரண்டாவது எதிரொலி மூன்றாவதுக்கு. தம்மோடு தாமே சேர்ந்து மூன்று குரலாக இசைக்கும் அந்த அடுக்கில், ஒவ்வொரு குரலும் தன் சொந்த வால்வுகளில் தனியாகக் கிளிப் ஆகி, தன் சொந்த ஸ்பீக்கரிலிருந்து வெளியேறுகிறது. மூன்றும் ஒன்றையொன்று முதன்முதலாகச் சந்திப்பது அரங்கின் காற்றில். அந்த ஒலியளவில் காற்று நேரியலானது, கூட்டல் மட்டுமே செய்யும்.